வட்டக்களரியும் வானொலிப் பெட்டியும்: கல்முனைக் கரையில் நாடகம் பார்த்தோர் வரலாறு

கல்முனையைக் கடந்து அக்கரைப்பற்றை நோக்கித் தெற்கே செல்லும் கரையோர வீதியில், ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்பதைப் புதிதாக வருபவர் கண்டுகொள்வது எளிதன்று. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என வடக்கிலிருந்து தெற்காக அடுத்தடுத்து அமைந்த இவ்வூர்களுள் சில முஸ்லிம்களுடையவை, சில இந்துத் தமிழர்களுடையவை. கிழக்கே விரியும் கடலும் மேற்கே விரியும் வயலும் இரு சாராருக்கும் பொதுவானவை. இரு சாராரின் வீட்டு மொழியும் தமிழே. வழிபாட்டிலும் கொண்டு கொடுத்தலிலும் இவ்வூர்கள் தனித்தனியே நின்றாலும், இரவில் ஓர் ஊரில் எழும் ஓசை அடுத்த ஊரின் வளவுகளுக்குள் தடையின்றிப் புகுந்தது. காரைதீவுப் பக்கத்தில் மத்தளம் முழங்கினால் மாளிகைக்காட்டிலும் சாய்ந்தமருதின் தென்கோடியிலும் அது கேட்டது. சாய்ந்தமருதில் றபான் என்னும் தோற்கருவியைத் தட்டினால் அதுவும் அவ்வாறே எல்லை கடந்தது.

நாடக வரலாறுகள் பெரும்பாலும் எழுதியவர், ஆடியவர், பழக்கியவர் ஆகியோரின் வரிசைகளாகவே எழுதப்படுகின்றன; பார்த்தவர்கள் ‘மக்கள்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். சாய்ந்தமருது போன்ற ஒரு முஸ்லிம் ஊரின் அரங்க அனுபவத்தை அந்த முறையில் விளக்க முடியாது. விடிய விடிய ஆடப்படும் கூத்து மரபு அயலிலுள்ள தமிழ் ஊர்களில் செழித்திருந்த காலத்திலும் முஸ்லிம் ஊர்களுக்குள் வேரூன்றவில்லை என்பது உண்மை. ஆயினும் அதைக் கொண்டு இவ்வூர்களுக்கு நாடகமே அந்நியம் என்று முடிவு கட்டுவது பிழையாகும். இங்குள்ளோர் அயலூர்க் களரியைச் சுற்றி நின்ற பார்வையாளராகவும், தம் வீட்டு வாசலில் கதை கேட்போராகவும், பின்னர் வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்தவராகவும் நாடகத்தோடு நெடுங்கால உறவு கொண்டிருந்தனர். அந்த உறவில் கண்ணைவிடச் செவிக்கே பங்கு அதிகம் என்பதும், 1960களில் கல்முனை வட்டாரத்தில் செய்யுளால் ஆன பா நாடகம் தோன்றியதற்கான காரணங்களுள் அந்தச் செவிப் பழக்கத்துக்கும் இடமுண்டு என்பதும் இக்கரையின் அரங்க வரலாற்றைப் பார்வையாளர் பக்கமிருந்து நோக்கும்போது புலனாகும்.

களரியும் அதன் நான்கு பக்கங்களும்

மட்டக்களப்புக் கூத்து ஆடப்படும் இடம் வட்டக்களரி எனப்படும். வட்டமாக மண்ணை உயர்த்தி, சுற்றிவரக் கம்புகள் நாட்டி, மேலே வெள்ளைத் துணி கட்டி, ஓரங்களில் வாழைக் குற்றிகளை நட்டு அவற்றின்மேல் விளக்கேற்றி அமைக்கப்படும் இக்களரிக்குத் திரையில்லை, பின்சுவர் இல்லை, முன்பக்கம் என்று ஒன்றும் இல்லை. கூத்தைப் பழக்கி நெறிப்படுத்தும் அண்ணாவியார் மத்தளத்தோடும், சல்லரி என்னும் தாளக்கருவி வாசிப்பவரோடும், பின்னின்று பாடும் பிற்பாட்டுக்காரரோடும் களரியின் நடுவில் நிற்க, ஆட்டக்காரர் அவர்களைச் சுற்றிவந்து ஆடுவர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை கூறும் அரங்கோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும்: அங்கே எட்டுக்கோல் நீளம், ஏழுகோல் அகலம், ஒருகோல் உயரம் என அளவு வரையறுக்கப்பட்ட நாற்கோண மேடையும், இரு வாயில்களும், ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளும் பேசப்படுகின்றன. எழினி மறைத்துக் காட்டும் கலைக்கு உரியது. வட்டக்களரியிலோ மறைப்பதற்கு இடமே இல்லை.

இந்த அமைப்பு பார்வையாளருக்கு ஓர் உரிமையையும் ஒரு பொறுப்பையும் தந்தது. பன்பாயோடு வருபவர் எந்தப் பக்கத்தில் அதை விரிப்பது என்று தாமே தீர்மானித்தார். எந்தப் பக்கத்தில் அமர்ந்தாலும் ஆட்டக்காரரின் முகம் சிறிது நேரம் அவருக்கும், பிறகு எதிர்ப்பக்கத்தாருக்கும் உரியதாயிற்று. முதுகு காட்டி ஆடும் வேளையில் பார்வையாளரைக் கதையோடு பிணைத்து வைத்தது பாட்டு மட்டுமே. ஆகவே சுற்றியிருந்தோர் கண்ணால் பார்த்தது பாதியும் காதால் நிரப்பிக்கொண்டது பாதியுமாக ஓர் இரவைக் கழித்தனர். நித்திரை வந்தபோது பாயில் சாய்ந்து, போர்க்கள மத்தள ஒலி எழுந்ததும் விழித்தெழும் பழக்கம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. கதை முன்பே தெரிந்திருந்ததால் இடையில் உறங்கியவருக்கு இழப்பில்லை. விடிவதற்கு முன் பாடப்படும் வாழியைக் கேட்காமல் எழுந்து போவதுதான் குறையாகக் கருதப்பட்டது.

பார்வையாளரின் பங்கு அரங்கேற்ற இரவுக்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். எந்தக் கதையை ஆடுவது என்று ஊர் கூடி முடிவு செய்தபின், பாத்திரங்களை ஆட்களுக்குப் பகிர்ந்து அவரவர்க்குரிய பாடல் பகுதியை ஒப்படைக்கும் ‘சட்டங் கொடுத்தல்’ நிகழும். வாரந்தோறும் பயிற்சியாக ஆடுவது ‘கிழமைக்கூத்து’ எனப்படும். கால்களில் சலங்கை கட்டும் ‘சதங்கை அணிதல்’ அதற்குப் பிந்திய சடங்கு. இவை அனைத்தையும் ஊரார் வெட்டையில் கூடி நின்று கண்டனர். அரங்கேற்றத்தன்று களரியைச் சூழ்ந்திருந்த ஒருவருக்குப் பாடல்களில் பெரும்பகுதி மனப்பாடமாகியிருக்கும் என்பதால், ஆட்டக்காரர் ஓர் அடியைத் தவறவிட்டால் பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்கக்கூடிய இரசிகராக அவர் விளங்கினார். அரங்கேற்றத்துக்குப் பிறகு கூத்தர் வீடு வீடாகச் சென்று ஆடி அன்பளிப்புப் பெறும் வழக்கமும் இருந்தமையால், களரிக்கு வர இயலாத முதியோருக்கும் முற்றத்திலேயே நாடகம் கிடைத்தது.

கூத்தின் இரு மரபுகளான வடமோடியையும் தென்மோடியையும் அனுபவமுள்ள பார்வையாளர் காதாலேயே பிரித்தறிந்தனர். பாரத, இராமாயணப் போர்க்கதைகளையே பெரிதும் எடுத்தாளும் வடமோடியில் மத்தளத்தின் தாளக்கட்டு விறைப்பாகவும் விரைவாகவும் இருக்கும். அரச பாத்திரங்கள் கரப்புடுப்பு எனும் விரிந்த உடையையும் கனத்த முடியையும் அணிந்து வாளோ வில்லோ ஏந்தி ஆடும். காதற்கதைகளுக்கு இடமளிக்கும் தென்மோடியில் முடி இலகுவானது, ஆட்டம் நுணுக்கமானது, பாட்டு நீட்டி இசைக்கப்படுவது. பாத்திரம் களரிக்குள் முதன்முதல் நுழையும்போது ஆடும் ‘வரவு’ இரண்டிலும் உண்டு. மன்னனின் வரவா, மந்திரியின் வரவா, பெண் பாத்திரத்தின் வரவா என்பது தாளம் தொடங்கியவுடனேயே தொலைவில் நின்றவருக்கும் விளங்கியது. மத்தளத்தின் ஓசை வளவு கடந்து வந்தபோது, அயலூரில் பாயிற் படுத்திருந்தவருக்கும் கதை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று ஊகிக்க அதுவே போதுமானதாயிற்று.

வீதியே அரங்கானபோது

களரிக்கு வெளியே, ஓர் ஊர் முழுவதையும் அரங்காக்கிக்கொள்ளும் நிகழ்த்துகைகளும் இக்கரைக்கு உரியவை. பாண்டவர் இருப்பு என்பதே பாண்டிருப்பு ஆயிற்று என ஊர் வழக்குக் கூறும் பாண்டிருப்பில், திரௌபதை அம்மன் ஆலயத்தின் 18 நாள் திருவிழா பாரதக் கதையின் போக்கிலேயே நடைபெறுகிறது. பாண்டவரின் வனவாசம், அருச்சுனனின் தவம், இறுதியில் தீமிதிப்பு என ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு நாளுக்கு உரியதாகப் பகுக்கப்பட்டிருப்பதால், பார்க்க வருபவர் ஓரிடத்தில் அமர்ந்திருப்பதில்லை. வனவாசம் போகிறவர்களின் பின்னால் தாமும் வீதிகளில் நடக்கிறார். நோன்பிருந்து பாத்திரமேற்பவர் நடிகரா பக்தரா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. வழிபாடும் நாடகமும் பிரியாத இந்நிலையை அயலிலிருந்த முஸ்லிம்கள் வழிபடுவோராக அன்றிப் பார்ப்போராக நின்று கண்டனர். பக்தியின் பங்கை விலக்கி நிகழ்ச்சியை நிகழ்ச்சியாகவே நோக்கும் அந்த நிலை, பிற்கால நாடக இரசிகரின் நிலைக்கு ஒருவகையில் நெருங்கியது.

இதற்கு மறுதலையான காட்சி கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளிவாசலில் காணப்பட்டது. நாகூரில் அடங்கியுள்ள ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக ஆண்டுதோறும் அங்கு நடைபெறும் கொடியேற்ற விழா, முஸ்லிம் ஊர்களோடு அயல் தமிழ் ஊர்களிலிருந்தும் மக்களைக் கடற்கரை மணலுக்குக் கொண்டுவந்தது. கொடி ஊர்வலமும், கூட்டாக இறைபுகழை ஓதும் றாத்திபும், பாவாக்கள் என அழைக்கப்படும் பக்கீர்கள் றபான் தட்டிப் பாடும் பைத்தும், றிபாயி என்னும் சூபி மரபினர் கூரிய ஆயுதங்களைத் தம் உடலில் குத்திக் காட்டும் பரவச நிலையும் அங்கே திரண்டோரை வட்டமாக நிற்கவைத்தன. இங்கு இந்துத் தமிழர் பார்ப்போராக நின்றனர். ஒருவரது வழிபாடு மற்றவருக்குக் காட்சியாக அமைந்த இப்பரிமாற்றம் எழுதப்பட்ட நாடக வரலாறுகளில் அதிகம் இடம்பெறவில்லை. ஆனால் ஒரு வட்டத்தின் விளிம்பில் நின்று பிறர் ஆடுவதைப் பொறுமையோடும் மரியாதையோடும் பார்க்கும் பழக்கத்தை இரு சாராரும் பெற்றது இவ்வாறுதான்.

கம்பும் கிஸ்ஸாவும்

முஸ்லிம் ஊர்களின் சொந்த ஆட்டங்களுள் முதன்மையானது களிகம்பு. பொல்லடி என்பதும் அதுவே. ஆண்கள் இரு கைகளிலும் கம்பு ஏந்தி வட்டமாக நின்று, இறைவனையும் நபிகளையும் வாழ்த்தும் பாடலோடு மெல்லத் தொடங்கி, இணைக்கு இணை கம்பைத் தட்டியும் இடம் மாறியும் சுற்றியும் விரைவுகொள்ளும் இவ்வாட்டத்தைப் பழக்குபவர், கூத்தைப் பழக்குபவரைப் போலவே அண்ணாவியார் என்று அழைக்கப்படுகிறார். அயல் தமிழ் ஊர்களில் கோயிற் சடங்குக் காலத்தில் ஆடப்படும் வசந்தன் கூத்தும் கம்பு தட்டி ஆடுவதே. அதன் பாடல்களைத் தி. சதாசிவ ஐயர் ‘மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு’ என்ற பெயரில் 1940இல் பதிப்பித்தார். வசந்தனும் பொல்லடியும் பாடலின் பொருளில் வேறுபட்டவை. வட்டம், கம்பு, அண்ணாவியார், மெதுவிலிருந்து விரைவுக்குச் செல்லும் தாளம் ஆகியவற்றில் ஒன்றையொன்று ஒத்தவை. எது எதிலிருந்து வந்தது என்று தேடுவதைவிட, ஒன்றை ஆடியவர் மற்றதைப் பார்த்தவுடனேயே சுவைக்கும் தகுதி பெற்றிருந்தார் என்பதைக் குறிப்பதே பயனுடையது.

பொல்லடியும், சிலம்பத்தை ஒத்த சீனடியும், வாள்வீச்சும் திருமணத்தின் மாப்பிள்ளை ஊர்வலத்திலும் பெருநாட்களிலும் வீதியில் நிகழ்ந்தன. மாப்பிள்ளை நடந்து செல்ல, ஆட்டக்குழு ஒவ்வொரு சந்தியிலும் நின்று ஆடி, பிறகு நகர்ந்தது. வாசல்களிலும் வேலி ஓரங்களிலும் நின்ற பெண்கள் குரவையிட்டு அதை வரவேற்றனர். களரியில் பார்வையாளர் ஆட்டத்தைத் தேடிப் போனார். இங்கோ ஆட்டம் பார்வையாளரின் வாசலைத் தேடி வந்தது. வெளியே செல்லும் வாய்ப்புக் குறைந்த பெண்களுக்கு இது பெருநன்மையாக அமைந்தது. நோன்பு மாதத்தில் விடியலுக்கு முந்திய சஹர் வேளையில் பாவாக்கள் றபான் தட்டிப் பைத் பாடித் துயிலெழுப்பியதும் இவ்வகையில் சேரும். அவ்வேளையில் முகம் காண்பார் எவரும் இல்லை. இருட்டில் நெருங்கி வந்து ஒழுங்கை வழியே அகன்று செல்லும் குரல் ஒன்றே நிகழ்ச்சியாக இருந்தது.

வீட்டுக்குள் நாடகத்தின் இடத்தை நிரப்பியவை மசலா, கிஸ்ஸா முதலிய வாசிப்பு இலக்கியங்கள். மசலா என்பது வினாவும் விடையுமாக அமைந்த நூல்வகை. கிஸ்ஸா என்பது கதைகூறும் வகை. தமிழில் முழுமையாகக் கிடைத்துள்ள இஸ்லாமிய நூல்களுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது, வண்ணப்பரிமளப் புலவர் 1572இல் மதுரையில் அரங்கேற்றிய ‘ஆயிர மசலா’. அப்துல்லா இப்னு சலாம் வினவ நபிகள் விடையளிப்பதாக அது அமைந்துள்ளது. பொதுமக்களிடையே அதனினும் மிகுதியாகப் பயின்றது ‘நூறு மசலா’. தன்னை மணக்க வருபவர் தன் வினாக்களுக்கு விடை கூறவேண்டும் என நிபந்தனை விதிக்கும் மெகர்பானுவும், விடைகூறி வெல்லும் அப்பாசும் அதன் தலைமக்கள். ஒருவர் உரக்க வாசிக்கப் பலர் சுற்றியிருந்து கேட்கும் வழக்கத்தில், வாசிப்பவர் வினாவுக்கு ஒரு குரலும் விடைக்கு ஒரு குரலும் கொள்வது இயல்பு. விடையை முன்பே அறிந்தவர் முந்திக்கொண்டு சொல்வதும் இயல்பு. வேடமும் களரியும் இல்லாவிடினும், இரு பாத்திரம், ஒரு போட்டி, ஒரு முடிவு எனும் நாடகத்தின் அடிப்படை உறுப்புகள் அங்கே இருந்தன. வயற்காவற் பரணிலும் அறுவடைக் களத்திலும் மச்சானும் மச்சியும் மாறிமாறிச் சொல்வதாக அமையும் நாட்டார் கவிகளும் இதே உரையாடல் மரபைச் சேர்ந்தவை.

திரையும் ஆர்மோனியமும்

இஸ்லாமிய உலகுக்கும் நாடகத்துக்கும் தொடர்பில்லை என்ற கருத்து வரலாற்றின் முன் நிலைப்பதன்று. கர்பலாத் துயரை நடித்துக் காட்டும் தஃஸியா ஈரானிலும், நிழற்பொம்மை ஆட்டமாகிய கரகோஸ் துருக்கியிலும் பல தலைமுறை கண்டவை. இந்தியத் துணைக்கண்டத்தில் நவீன இசைநாடகத்தின் தொடக்கங்களுள் ஒன்றாக எண்ணப்படும் ‘இந்தர் சபா’வை 1853ஆம் ஆண்டளவில் உருது மொழியில் இலக்னோவில் எழுதியவர் ஆகா ஹசன் அமானத் என்னும் முஸ்லிம் கவிஞரே. இந்திரனின் அவையில் பாரசீகக் கதைகளின் பரிகள் ஆடிப்பாடும் அந்நாடகம், இரு கதையுலகங்களை ஒரே மேடையில் இணைத்தது. பம்பாயின் பார்சி நாடகக் குழுக்கள் இவ்வகை நாடகங்களை ஓவியத் திரைகளோடும் ஆர்மோனியத்தோடும் ஊர் ஊராகக் கொண்டுசென்று, 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கொழும்புக்கும் வந்தன. சிங்களத்தில் நூர்த்தி எனும் நாடகவகை தோன்றுவதற்கு அவ்வருகை வழிகோலியது. அதன் தாயகமாக விளங்கிய கொழும்பு மருதானையின் டவர் மண்டபம் 1911இல் திறக்கப்பட்டது.

தமிழில் இதற்கு இணையாக வளர்ந்த மேடை, சங்கரதாஸ் சுவாமிகளின் (1867-1922) இசைநாடகங்களால் உருப்பெற்றது. அவற்றை நடித்த குழுக்கள் இலங்கைக்கும் வந்து ஆடின. பாடக நடிகர்களான எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் மேடையில் இணைந்த கதை கொழும்பிலேயே தொடங்குகிறது. தகரக் கொட்டகைக்குள் காட்சித் திரைகளோடு நடைபெற்ற இவ்வகை நாடகம் ஈழத்தில் கொட்டகைக் கூத்து என்று பெயர் பெற்றது. அரபு, பாரசீகக் கதைகளும் இந்த மேடை மரபுக்குள் நுழைந்தன. அலிபாதுஷா, அப்பாசு, லால்கௌஹர் ஆகியோரின் கதைகள் தமிழில் நாடகங்களாகவே எழுதப்பட்டன. ‘நூறு மசலா’வில் வாசிக்கக் கேட்ட அப்பாசு, நாடக நூலில் பாத்திரமாகவே எழுந்து நின்றபோது, கேட்டோருக்கும் பார்த்தோருக்கும் இடையிலிருந்த தொலைவு குறைந்தது. எனினும் பார்வையாளரின் நிலை இம்மேடையால் அடியோடு மாறியது: கட்டணம் கொடுத்து நுழைவாயில் கடந்து வந்தவர் ஒரு திசை நோக்கி அமர்ந்தார், திரை உயரும்வரை காத்திருந்தார், முன்வரிசை, பின்வரிசை என்ற தரப்பாகுபாட்டை ஏற்றுக்கொண்டார்.

இந்த மாற்றத்தை ஆராய்ந்து அளவுகோல் வகுக்க முற்பட்ட முதல் தமிழறிஞர்களுள் ஒருவர் சாய்ந்தமருதுக்குத் தென்புறத்து ஊராகிய காரைதீவிலேயே பிறந்தார் என்பது இக்கரையின் பேறு. சுவாமி விபுலாநந்தர் (1892-1947) எழுதி, மதுரைத் தமிழ்ச் சங்கம் 1926இல் வெளியிட்ட ‘மதங்க சூளாமணி’ நாடகவியல் பற்றிய நூல். மதங்கர் என்பது கூத்தரைக் குறிக்கும் பழஞ்சொல். உறுப்பியல், எடுத்துக்காட்டியல், ஒழிபியல் என மூன்று இயல்களாக அமைந்த அந்நூல், வடமொழித் தசரூபகத்தின் இலக்கணத்தையும் சிலப்பதிகார உரையால் அறியப்படும் பழந்தமிழ் நாடக மரபையும் முன்வைத்து, ஷேக்ஸ்பியரைச் செகசிற்பியார் எனத் தமிழ்ப் பெயரால் அழைத்து, அவருடைய நாடகங்களைத் தமிழ் வாசகருக்கு எடுத்துக்காட்டுகிறது. நாடகத்தின் நோக்கம் சுவை என்றும், அச்சுவை காண்போர் உள்ளத்தில் நிகழ்வது என்றும் கொள்ளும் மரபை அவர் விளக்கியதால், பார்வையாளர் நாடக ஆராய்ச்சிக்குள் உரிய இடம் பெற்றார். அந்நூலின் அளவுகோல்கள் ஏட்டிலிருந்தும் உலக இலக்கியத்திலிருந்தும் பெறப்பட்டவை. ஊர்க் களரியை ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்ளும் காலம் அதற்குப் பின்னரே வந்தது.

பா நாடகமும் வானொலியும்

ஊர்க் களரியை ஆய்வுப் பொருளாகக் கொண்ட காலம் 1956இல் ஒரு சிங்கள நாடகத்தோடு தொடங்கியது எனலாம். தமிழ்க் கூத்தோடு உறவுடைய நாடகம என்னும் சிங்கள வடிவத்தைக் கொண்டு எதிரிவீர சரச்சந்திர அமைத்த ‘மனமே’ அவ்வாண்டு கொழும்பில் மேடையேறிப் பெரும் வரவேற்பைப் பெற்றது. அதன் விளைவாகத் தமிழ்க் கூத்தின்பால் கல்வியாளர் கவனம் திரும்ப, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு அண்ணாவிமாரைக் கொண்டு மாணவரைப் பழக்கி, ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) முதலியவற்றை மேடையேற்றினார். ‘இராவணேசன்’ நாடகத்தில் இராவணனாக நடித்த சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவரானார். இந்த மீட்டுருவாக்கத்தில் ஓர் இரவுக்குரிய கூத்து ஓரிரு மணி நேரத்துக்குச் சுருக்கப்பட்டது. நாற்புறமும் நோக்கி ஆடிய ஆட்டம் ஒரு புறம் நோக்கித் திருப்பப்பட்டது. நகரத்துப் பார்வையாளருக்குக் கூத்து கிடைத்தது. பாயை எந்தப் பக்கம் விரிப்பது என்ற உரிமை அந்தப் பார்வையாளருக்கு இருக்கவில்லை.

கல்முனை வட்டாரத்தில் இதே ஆண்டுகளில் நிகழ்ந்தது சற்று வேறானது. பெரியநீலாவணையில் பிறந்த கவிஞர் நீலாவணன் (1931-1975) தமிழ், முஸ்லிம் எழுத்தாளர்களை ஒருங்கிணைத்த இலக்கியச் சூழலின் நடுநாயகமாக விளங்கினார். கர்ணனின் கொடைக்கையை மழைக்கு ஒப்பிட்ட தலைப்பைக் கொண்ட அவரது ‘மழைக்கை’ என்னும் பா நாடகம், அதாவது உரையாடல் முழுவதும் செய்யுளாக அமைந்த நாடகம், அச்சூழலில் உருவானது. கர்ணன் கதை இக்கரையோருக்குக் களரியின் வழியே தெரிந்த கதை. பாரதத்தை வழிபாட்டு நூலாகக் கொள்ளாத முஸ்லிம் இரசிகருக்கும் கர்ணன் அயலவன் அல்லன். ஆட்டத்தையும் மத்தளத்தையும் நீக்கிச் சொல்லின் ஓசையை மட்டும் கொண்டு அக்கதையை நிறுத்த முடிந்ததற்கு, கூத்தின் விருத்தங்களைக் கேட்டுப் பழகிய செவிகளும் மசலாவைக் கேட்டுப் பழகிய செவிகளும் ஒரே அவையில் அமர்ந்திருந்தது துணைசெய்தது எனக் கருத இடமுண்டு.

பா நாடகத்துக்கும் இக்கரைக்கும் உள்ள தொடர்பின் மற்றொரு சான்று வடபுலத்துக் கவிஞர் மஹாகவியின் (1927-1971) ‘கோடை’. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் நாதசுரக் கலைஞர் ஒருவரின் குடும்பத்தில் எழும் முரண்பாட்டைப் பேச்சோசைச் செய்யுளில் கூறும் இப்பா நாடகம், அ. தாசீசியஸின் நெறியாள்கையில் மேடையேறியது. கல்முனையின் வாசகர் சங்க வெளியீடாக 1970இல் நூலுருப் பெற்றது. கல்முனைக்குடியில் பிறந்த எம்.ஏ. நுஃமான் மஹாகவியின் கவிதையை விளக்கியும் அவரது ஆக்கங்கள் நூல்களாவதற்கு உழைத்தும் ஆற்றிய பணி, வடபுலத்து நாடகம் ஒன்று இக்கரையின் வாசகர் சங்கத்தின் வழியாகத் தமிழுலகுக்குச் சென்றதன் பின்னணியை விளக்குகிறது. மேடை வசதிகள் குறைந்த ஊர்களில் பா நாடகம் வாசிக்கப்பட்டும் கேட்கப்பட்டும் வாழ முடிந்தது. அவ்வகையில் அது கிஸ்ஸா வாசிப்பின் நவீன வாரிசாகவும் அமைந்தது.

கேட்கும் நாடகத்துக்கு இயல்பான ஊடகம் வானொலியே. 1925இல் கொழும்பில் தொடங்கி, இலங்கை வானொலி என்னும் பெயரில் வளர்ந்து, 1967இல் கூட்டுத்தாபனமாக மாறிய அந்நிலையத்தின் தமிழ்ச் சேவையும் முஸ்லிம் சேவையும் ஒலிபரப்பிய நாடகங்கள், களரியையோ கொட்டகையையோ காணாதவருக்கும் நாடகத்தைக் கொண்டுசேர்த்தன. பெட்டி இருந்த வீட்டு விறாந்தையில் அயலார் கூடிக் கேட்ட காலத்தில், அது வாசிப்பு அவையின் தொடர்ச்சியாகவே இருந்தது: குரல் ஒன்று, கேட்போர் பலர், இடையில் திரையில்லை. பெண்கள் ஆண்களின் கூட்டத்தைத் தேடிச் செல்லாமலே நாடகத்தின் முதல்வரிசை இரசிகராயினர். எழுதுவோருக்கும் வானொலி வழி திறந்தது. நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் வானொலி நாடகங்களை எழுதியதோடு கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களையும் தேடித் தொகுத்தார். இவ்விரு பணிகளும் ஒருவரிடமே அமைந்ததில் வியப்பில்லை. இரண்டுக்கும் வேண்டியது ஊர்ப்பேச்சின் ஓசையை அறிந்த செவியே.

வட்டம் குறுகியபின்

1980களின் நடுப்பகுதியிலிருந்து 2009 வரை நீண்ட போர்க்காலம் முதலில் இரவைப் பறித்தது. விடியும்வரை வெளியில் அமர்ந்திருப்பது ஆபத்தானபோது விடிய விடிய ஆடும் கூத்து சுருங்கியது. தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையே அச்சமும் கசப்பும் வளர்ந்தபோது, அயலூர் நிகழ்ச்சிக்குப் பார்வையாளராகச் செல்லும் பழக்கம் அறுபட்டது. ஆட்டக்காரர் எஞ்சியிருந்தால் ஒரு கலையை மீண்டும் பழக்கலாம். ஊர் எல்லையைக் கடந்து வந்து நின்ற பார்வையாளரை அவ்வாறு பழக்கி எடுக்க இயலாது. 2004 டிசம்பர் 26இல் எழுந்த கடற்கோள் சாய்ந்தமருதின் கரையோரக் குடியிருப்புகளை உயிர்களோடு அழித்து, கடற்கரையோடு பிணைந்த வாழ்வையே பெயர்த்தது. இதற்கிடையே சமயச் சீர்திருத்த எண்ணங்கள் வலுப்பெற்று, கந்தூரி விருந்து, றாத்திபு, இசைக்கருவி ஆகியவை மார்க்கத்துக்கு உடன்பாடானவையா என்ற விவாதம் முஸ்லிம் ஊர்களில் எழுந்தது. றபானும் பைத்தும் முன்னிருந்த பொதுமையை இழந்தன. தொலைக்காட்சி வந்தபின் வானொலி நாடகத்தைக் கூடிக் கேட்போரும் குறைந்தனர்.

இன்று நாடகம் இவ்வூர்களில் பெரும்பாலும் பாடசாலை மேடைகளில் வாழ்கிறது. தமிழ்த்தினப் போட்டிகளுக்கும் மீலாத் விழாக்களுக்கும் மாணவர் நடிக்கின்றனர். முன்வரிசையில் நடுவர் அமர்ந்து நேரத்தையும் உச்சரிப்பையும் கணக்கிடுகின்றனர். பெற்றோர் தம் பிள்ளை வரும் கட்டத்தை எதிர்பார்த்துக் கைத்தொலைபேசியோடு காத்திருக்கின்றனர். பொல்லடியும் விழா வரவேற்புக்குரிய கலையாகச் சில நிமிடங்களுக்குள் அடங்கிவிட்டது. பிரமுகரை அழைத்துச் செல்லும் ஊர்வலத்தின் முன்னே அது நகர்கிறது, அவர் மேடையேறியதும் முடிகிறது. ஆனால் பொல்லடியை மேடைக்கென்று திருப்பி அமைப்பது எளிதாக இல்லை. கம்பு எதிரிலிருப்பவரின் கம்பில் பட்டால்தான் தாளம் பிறக்கும் என்பதால் ஆட்டக்காரர் ஒருவரையொருவர் நோக்கியே நிற்க வேண்டியிருக்கிறது, அதனால் பாதிப்பேரின் முதுகு எப்போதும் ஒரு பக்கத்தாருக்கே தெரிகிறது. வீதியில் அது நடக்கும்போது, முதுகுப்பக்கத்தில் நின்றவர்கள் முகத்தைக் காண மறுபக்கம் சுற்றிப் போகின்றனர். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் ஆட்டக்காரரும் இடம் மாறிவிடுகின்றனர்.